மாமா கடைக்கு ஓப்பன்கார்ட் போட்டேன், தமிழ்ப் பேரெல்லாம் கேள்விக்குறியா வருது

செம்பவாங்_செல்வி:

எல்லாருக்கும் வணக்கம். எங்க மாமாவுக்கு சிங்கப்பூர் தேக்கா பக்கத்துல பூஜை சாமான் கடை. குத்துவிளக்கு, தூபக்கால், குங்குமம், கொஞ்சம் கவரிங் நகை, இதுதான் வியாபாரம். தீபாவளிக்கு முன்னாடி ஆன்லைன்லயும் விக்க ஆரம்பிக்கணும்னு அவருக்கு ரொம்ப ஆசை, ஆனா மாசாமாசம் காசு கட்டுற கடை சாஃப்ட்வேர் வேணாம், நம்ம கைல இருக்கிற மாதிரி ஒண்ணு போட்டுக் குடும்மான்னு எங்கிட்ட சொல்லிட்டாரு. நான் கணக்கு பாக்கிறவ, புரோகிராமர் இல்ல. படிச்சுப் பாத்து ஓப்பன்கார்ட் 4 எடுத்தேன், இலவசம், ஓப்பன் சோர்ஸ், நாம வாங்கின சாதாரண ஷேர்டு ஹோஸ்டிங்லயே (பல பேரு பங்கு போட்டுக்கிற வாடகை சர்வர்) ஓடும்னு சொன்னாங்க.

ஹோஸ்டிங் கம்பெனி குடுத்த சிபேனல்ங்கிற கன்ட்ரோல் பக்கத்துல டேட்டாபேஸ் உருவாக்கி, யூசர் சேர்த்து, ஜிப் ஃபைல ஏத்திப் பிரிச்சு, உள்ள இருக்கிற அப்லோட் ஃபோல்டர்ல உள்ளதெல்லாம் பப்ளிக்_எச்டிஎம்எல்-க்கு மாத்தி, இன்ஸ்டால் முடிஞ்சுது. அது வரைக்கும் நல்லாத்தான் போச்சு. அப்புறம்தான் வரிசையா பிரச்சனை.

மாமா கடை சரக்கு லிஸ்ட் எக்செல்ல இருந்துச்சு, சுமார் முன்னூறு அயிட்டம், அத சிஎஸ்வி (கமா போட்டுப் பிரிச்ச வெறும் எழுத்து ஃபைல்) ஆக்கி, டேட்டாபேஸ பிரவுசர்லயே தொறந்து மாத்துற பிஎச்பிமைஅட்மின் வழியா டேபிள்ல ஏத்தினேன். இங்கிலீஷ் பேரு, விலை எல்லாம் சரியா வந்துச்சு, தமிழ்ப் பேரு மட்டும் ????????? அப்படின்னு வருது. குத்துவிளக்குன்னு இருக்கிற இடத்துல வெறும் கேள்விக்குறி. அதுவும் போக, அட்மின்ல தெரியுற சாமான் கடைப் பக்கத்துல தெரியவே மாட்டேங்குது, அதோட வந்த டெமோ சாமான்லாம் மட்டும் தெரியுது. டெமோ சாமான் ஒண்ண கார்ட்ல போட்டுப் பாத்தா எக்கோ டேக்ஸ்னு 2.00, வாட் 20%-ன்னு கூட்டிக் காட்டுது, சிங்கப்பூர் அட்ரஸ் குடுத்தா போயிடுது. ஆர்டர் மெயில் மாமாவோட ஜிமெயிலுக்கு வரவே இல்ல.

ஹோஸ்டிங் கம்பெனி சப்போர்ட்ல கேட்டேன், எல்லா ஃபோல்டருக்கும் 777 பர்மிஷன் குடுங்க சரியாயிடும்னு ஒரே வரியில பதில் போட்டு டிக்கெட்ட மூடிட்டாங்க. செய்யலாமா? பேநவ் (பேங்க் ஆப்லேர்ந்து நேரா காசு அனுப்புற முறை) எப்படி சேர்க்கிறதுன்னும் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தெம்பனிஸ்_தம்பி:

அக்கா இது டேட்டாபேஸ் கொலேஷன் (எழுத்த எந்த முறையில வைக்கணும்கிற செட்டிங்) பிரச்சனைதான், சில ஹோஸ்ட்ல புது டேட்டாபேஸ் தமிழ் தெரியாத லத்தீன்1-ல உருவாகும், பிஎச்பிமைஅட்மின்ல ஆப்பரேஷன்ஸ் பக்கம் போயி எல்லா மொழியும் தெரிஞ்ச யூடிஎஃப்8எம்பி4-க்கு மாத்துங்க, எல்லா டேபிளுக்கும் அதுல இருக்கிற எல்லா நெடுவரிசைக்கும் மாத்தணும்னு ஒரு டிக் இருக்கும் அதையும் போடுங்க. 777 மட்டும் குடுத்துராதீங்க, யாரு வேணா ஃபைல மாத்தலாம்னு அர்த்தம், அது கதவைத் தொறந்து போட்டுட்டுத் தூங்குற மாதிரி.

ஜூரோங்_அண்ணன்:

தங்கச்சி, கொலேஷன்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நில்லுங்க. தம்பி சொல்றது பல இடத்துல சரிதான், ஆனா ஓப்பன்கார்ட் 4 இன்ஸ்டால் ஆகும்போதே தன்னோட டேபிள யூடிஎஃப்8எம்பி4-லதான் உருவாக்கும், டேட்டாபேஸ் எதுல இருந்தாலும் சரி. அதனால எனக்கு சந்தேகம் உங்க சிஎஸ்வி ஃபைல் மேலதான்.

தமிழ் கெட்டுப்போறதுல ரெண்டு வகை இருக்கு, ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற. ஒண்ணு நீங்க பாக்கிற கேள்விக்குறி. இன்னொண்ணு, மேல சாய்வா கோடு போட்ட ரோமன் ஏ, பக்கத்துல வட்டத்துக்குள்ள ஆர், இப்படி ஜோடி ஜோடியா வரும். தமிழ்க் குறியீடு ஒவ்வொண்ணும் (கு-ன்னா க ஒண்ணு, உகரக் குறி ஒண்ணு) யூடிஎஃப்-8-ல மூணு பைட், எல்லாமே ஒரே மாதிரி பைட்லதான் ஆரம்பிக்கும், அத லத்தீன்னு நினைச்சுப் படிச்சா அந்த ஜோடிதான் திரும்பத் திரும்ப வரும். அப்படி வந்தா சந்தோஷப்படலாம், உள்ள டேட்டா பத்திரமா இருக்கு, படிக்கிற விதம்தான் தப்பு, சரி பண்ணிடலாம். கேள்விக்குறி வந்தா அப்படி இல்ல. எங்கயோ ஒரு இடத்துல ஒரு சாஃப்ட்வேர் இந்த எழுத்து எனக்குத் தெரியாதுன்னு அத எடுத்துட்டு நெஜமாவே கேள்விக்குறிய எழுதி வச்சிருச்சு. அதுக்கப்புறம் கொலேஷன எத்தனை தடவ மாத்தினாலும் குத்துவிளக்கு திரும்பி வராது.

எங்க போச்சுன்னு கண்டுபிடிக்கிறது சுலபம். நீங்க ஏத்தின அதே சிஎஸ்விய எக்செல்ல தொறக்காம நோட்பேட்ல தொறந்து பாருங்க. அங்கயே கேள்விக்குறி இருந்தா சர்வருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. எக்செல்ல சேவ் ஆஸ் குடுக்கும்போது சிஎஸ்வின்னு ரெண்டு மூணு வகை காட்டும், வெறும் கமா டிலிமிட்டட்னு இருக்கிறத எடுத்தா தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறி ஆயிடும். சிஎஸ்வி யூடிஎஃப்-8-ன்னு தனியா ஒண்ணு இருக்கும், அதத்தான் எடுக்கணும். பழைய எக்செல்ல அது இருக்காது, அப்ப கூகுள் ஷீட்ஸ்ல போட்டு டவுன்லோட் பண்ணுங்க, அது எப்பவும் யூடிஎஃப்-8-லதான் குடுக்கும். லிப்ரே ஆஃபீஸ்ல சேவ் பண்ணும்போது எந்த கேரக்டர் செட்னு தேர்ந்தெடுக்க முடியும்.

சரியான ஃபைல் கிடைச்சதும் மொதல்ல டேட்டாபேஸ எக்ஸ்போர்ட் பண்ணி ஒரு காப்பி வச்சுக்கிட்டு அப்புறம் இம்போர்ட் பண்ணுங்க. இம்போர்ட் பக்கத்துல ஃபைலோட கேரக்டர் செட் யூடிஎஃப்-8-னு இருக்கான்னு பாருங்க, தலைப்பு வரிசை இருந்தா ஒரு வரிய தாண்டச் சொல்லுங்க, ஏற்கனவே இருக்கிற வரிசைய புதுசால மாத்தணும்னு ஒரு டிக் இருக்கும், அத போட்டா முன்னூறையும் அழிச்சு திரும்பப் போட வேண்டியதில்ல. மொத்தத்தையும் ஒரே தடவையா ஏத்தாதீங்க. பத்து வரிசை மட்டும் தனி ஃபைலா எடுத்து ஏத்திப் பாத்து, தமிழ் சரியா வந்தப்புறம் மிச்சம்.

அடுத்தது அட்மின்ல தெரியுது கடையில தெரியலங்கிறது. பிஎச்பிமைஅட்மின்ல நேரா ஏத்துறவங்க எல்லாருக்கும் வர்ற பிரச்சனை இது. ஓப்பன்கார்ட்ல ஒரு சாமான்கிறது ஒரு டேபிள்ல இல்ல. விலை, ஸ்டாக் எல்லாம் ஓசி_ப்ராடக்ட்ல, பேரு ஓசி_ப்ராடக்ட்_டிஸ்கிரிப்ஷன்ல, எந்தக் கடையில காட்டணும்கிறது ஓசி_ப்ராடக்ட்_டு_ஸ்டோர்ல, எந்த வகைங்கிறது ஓசி_ப்ராடக்ட்_டு_கேட்டகரில. நீங்க முதல் ரெண்டுலதான் ஏத்தியிருப்பீங்க. ப்ராடக்ட்_டு_ஸ்டோர்ல ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு வரிசை போட்டு ஸ்டோர் ஐடி 0-ன்னு குடுங்க, உங்க ஒரே கடை அதுதான், உடனே தெரியும். டிஸ்கிரிப்ஷன்ல லாங்குவேஜ் ஐடி இங்கிலீஷுக்கு 1, அது வேற எதுவாவது இருந்தா பேரே வராது. இதெல்லாம் தலைவலியா தோணுச்சுன்னா எக்ஸ்போர்ட் இம்போர்ட் எக்ஸ்டென்ஷன் ஒண்ணு போட்டுக்கலாம், அது எக்செல் ஃபைலையே எடுத்துக்கும், ஆனா உங்க வெர்ஷன் 4-க்குன்னே வந்ததான்னு பாத்துட்டு போடுங்க, 3-க்கு எழுதினது 4-ல ஓடாது.

எக்கோ டேக்ஸ், வாட் எல்லாம் ஓப்பன்கார்ட் கூடவே வர்றது. இன்ஸ்டால் ஆனதும் அது உங்க கடை இங்கிலாந்துல இருக்குன்னு நினைச்சுக்கும், காசு அமெரிக்க டாலர்ல இருக்கும். வாடிக்கையாளர் அட்ரஸ் குடுக்கிற வரைக்கும் கடை இருக்கிற நாட்டு வரியத்தான் கூட்டிக் காட்டும், அதனாலதான் சிங்கப்பூர்னு போட்டதும் காணாமப் போகுது. சிஸ்டம், செட்டிங்ஸ், உங்க கடை, லோக்கல்னு போயி நாட்ட சிங்கப்பூர் ஆக்குங்க. லோக்கலைசேஷன்ல கரன்சி பக்கம் போயி எஸ்ஜிடின்னு புதுசா சேர்த்து வேல்யூ 1 குடுத்து, அப்புறம் அதையே டீஃபால்ட் ஆக்குங்க. விலை நம்பர் தானா மாறாது, நீங்க போட்ட எண் அப்படியே சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) ஆயிடும், உங்களுக்கு அதுதான் வேணும். டெமோ சாமான்ல பாத்து காப்பி அடிச்சிருந்தீங்கன்னா டேக்ஸ் கிளாஸ் 9-ன்னு இருக்கும் (அது வரி வகையோட ஐடி, சதவீதம் இல்ல), எல்லாத்தையும் 0 ஆக்கிடுங்க. ஷிப்பிங்ல ஃபிளாட் ரேட்டுன்னு 5.00 இருக்கும், அதுவும் டெமோ நம்பர்தான், மாமாகிட்ட கேட்டு மாத்துங்க.

777 பத்தி. வேணவே வேணாம். இப்ப பெரும்பாலான ஷேர்டு ஹோஸ்ட்ல பிஎச்பி உங்க யூசராவே ஓடும், ஃபோல்டருக்கு 755, ஃபைலுக்கு 644 (நீங்க மட்டும்தான் மாத்த முடியும்) போதும், சில சர்வர்ல 777 குடுத்தா 500 எரர்தான் வரும். ஒரு வியாபாரியோட வாடிக்கையாளர் அட்ரஸும் போன் நம்பரும் இருக்கிற இடத்துக்கு இப்படி ஒரு பதில் குடுக்கிறது எனக்கு உண்மையிலேயே கோவம் வருது. அதுக்கு பதிலா செய்ய வேண்டியது இன்ஸ்டால் ஃபோல்டர அழிக்கிறது, அட்மின் ஃபோல்டர் பேர மாத்துறது, ஸ்டோரேஜ் ஃபோல்டர பப்ளிக்_எச்டிஎம்எல்-க்கு வெளிய நகர்த்துறது. அட்மின்ல நுழைஞ்சதும் அதுவே கேட்கும், மூடிடாம செய்யுங்க. லாக் ஃபைல் எல்லாம் ஸ்டோரேஜ்லதான் இருக்கு, அது வெளிய யாரும் பிரவுசர்ல தொறக்க முடியாத இடத்துல இருக்கணும்.

மெயில்: செட்டிங்ஸ்ல மெயில்னு ஒரு டேப் இருக்கும், அதுல எஞ்சின் வெறும் மெயில்னு இருந்தா எஸ்எம்டிபி (மெயில் பெட்டியோட பாஸ்வேர்டு போட்டு அனுப்புற முறை) ஆக்குங்க. சிபேனல்ல உங்க டொமைன் பேர்லயே ஒரு மெயில் பெட்டி உருவாக்கி, அந்த யூசர் பாஸ்வேர்டு குடுங்க, போர்ட் 465 இல்லன்னா 587. கடை மெயில் அட்ரஸ்னு மாமாவோட ஜிமெயில போட்டிருப்பீங்கன்னு நினைக்கிறேன், அதுதான் காரணம். ஜிமெயில்லேர்ந்து வர்றதா சொல்லிக்கிட்டு வேற ஒரு சர்வர் அனுப்புற மெயில ஜிமெயில் எப்படி நம்பும்? 2024 பிப்ரவரிலேர்ந்து கூகுள் இதுல இன்னும் கண்டிப்பாயிட்டாங்க. சிபேனல்ல ஈமெயில் டெலிவரபிலிட்டின்னு ஒரு பக்கம் இருக்கு, அங்க எஸ்பிஎஃப், டிகேஐஎம் ரெண்டும் (மெயில் நெஜமாவே உங்க டொமைன்லேர்ந்துதான் வருதுன்னு காட்டுற பதிவு) பச்சையா இருக்கணும்.

பொங்கோல்_பார்வதி:

அண்ணன் டெக்னிக்கல் எல்லாம் சொல்லிட்டாரு, நான் வியாபாரப் பக்கம் சொல்றேன். நான் வீட்டிலேர்ந்து ஆரி வேலை பண்ணின பிளவுஸ் விக்கிறேன், என்னோடது வேர்ட்பிரஸ்ல வூகாமர்ஸ். ஓப்பன்கார்ட்ட விட்டுட்டு இதுக்கு வான்னு சொல்ல மாட்டேன் செல்வி, நீங்க போட்டதையே ஓட்டுங்க, ரெண்டும் நல்ல சாஃப்ட்வேர்தான்.

பேநவ்க்கு ஆரம்பத்துல பெருசா எதுவும் வேணாம். மாமா கடை கவுன்டர்ல காசு கட்ட எஸ்ஜிகியூஆர் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாருல்ல, அதே யூஇஎன்தான் (கடையோட பதிவு எண்) இங்கயும். ஓப்பன்கார்ட்ல பேங்க் டிரான்ஸ்ஃபர்னு ஒரு பேமென்ட் முறை ஏற்கனவே இருக்கு, அதுல நாமளே என்ன வேணா எழுதலாம். யூஇஎன் நம்பர போட்டு, பேநவ்ல அனுப்பும்போது ரெஃபரன்ஸ்ல ஆர்டர் நம்பர எழுதுங்கன்னு தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் எழுதி வைங்க. காசு வந்ததும் மாமா பேங்க் ஆப்ல பாத்து ஆர்டர் நிலைய மாத்தினா போதும். ஸ்கிரீன்ஷாட் அனுப்பிட்டு காசு போட்டுட்டேன்னு சொல்றத மட்டும் நம்பி சாமான அனுப்பிடாதீங்க, பேங்க்ல வந்திருக்கான்னு பாத்துட்டு அனுப்புங்க.

தீபாவளி நேரத்துல ஆர்டர் நெறைய வந்து ஒவ்வொண்ணா பாக்க முடியலன்னா அப்ப கேட்வே (நமக்காக ஆன்லைன்ல காசு வாங்கித் தர்ற கம்பெனி) போடுங்க. ஸ்ட்ரைப்ல பேநவ் இருக்கு, ஹிட்பே இங்க சிங்கப்பூர் கம்பெனியே. கார்டு நம்பர எந்தக் காரணத்துக்கும் நம்ம சர்வர்ல வாங்காதீங்க, அவங்க பக்கத்துக்கே போயி கட்டிட்டு திரும்பி வர்ற மாதிரி இருக்கணும். வெப்ஹுக்னு ஒரு முகவரி குடுப்பாங்க அத மறக்காம போடணும், ஏன்னா போன்ல பேங்க் ஆப்புக்குப் போயி கட்டிட்டு நெறைய பேரு நம்ம கடைப் பக்கத்துக்கு திரும்பியே வர மாட்டாங்க, காசு வந்திருக்கும் ஆனா ஆர்டர் பெண்டிங்ல நிக்கும், வெப்ஹுக் இருந்தா கேட்வேயே நேரா நம்ம சர்வருக்கு சொல்லிடும்.

ஜிஎஸ்டி: மாமாவோட வரவு வருஷத்துக்கு பத்து லட்சம் வெள்ளிக்குக் கீழ இருந்து அவரு ஜிஎஸ்டிக்கு பதியலன்னா ஒரு காசு கூட ஜிஎஸ்டின்னு வாங்கக் கூடாது, டேக்ஸ் எல்லாம் எடுத்துடுங்க. பதிஞ்சிருந்தா 9%, 2024 ஜனவரிலேர்ந்து அதுதான், அதுவும் கடைப் பக்கத்துல காட்டுற விலையே ஜிஎஸ்டி சேர்ந்த விலையா இருக்கணும், கடைசியில கூட்டிக் காட்டுறது கூடாது.

அட்ரஸ் பெட்டிய சிங்கப்பூருக்கு ஏத்த மாதிரி சரி பண்ணுங்க. வூகாமர்ஸ்ல சிங்கப்பூர்னு எடுத்தா மாநிலம் பெட்டி தானா மறைஞ்சிடும், ஓப்பன்கார்ட்ல எப்படின்னு நீங்களே ஒரு ஆர்டர் போட்டு பாருங்க. நமக்கு வேண்டியது புளோக் நம்பர், தெரு, மாடி யூனிட் நம்பர், ஆறு இலக்க போஸ்டல் கோட். யூனிட் நம்பர் இல்லாம வர்ற ஆர்டர்தான் அதிகம், புளோக் கீழ நின்னுக்கிட்டு டெலிவரி தம்பி போன் பண்ணுவாரு. ரெண்டாவது வரிக்கு மாடி யூனிட்னு பேரு வச்சு கட்டாயமாக்கிடுங்க, ஆனா தரை வீடு இருக்கிறவங்களுக்கு யூனிட் கிடையாது, அவங்க ஒரு கோடு போட்டா போதும்னு பக்கத்துலயே எழுதிடுங்க. பித்தளை குத்துவிளக்கு கனம், அதனால எடைய ஒவ்வொரு சாமானுக்கும் இப்பவே போட்டு வைங்க, பின்னாடி முன்னூறுக்கும் போடணும்னா உசுரு போயிடும். கடையில வந்து எடுத்துக்கிறேன்னு ஒரு வழியும் வைங்க, ஞாயித்துக்கிழமை எப்படியும் தேக்காவுக்கு வர்றவங்கதானே நம்ம ஆளுங்க பாதிப் பேரு.

இன்னொண்ணு, வாடிக்கையாளர் விவரம் வாங்குறதால பிடிபிஏங்கிற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் மாமா கடைக்கும் உண்டு. டேட்டா புரொடெக்‌ஷன் ஆஃபீசர்னு ஒருத்தர நியமிச்சு அவரத் தொடர்புகொள்ற வழிய வெளிய போடணும், சின்னக் கடைக்கு மாமாவே இருக்கலாம். வாட்ஸ்அப்ல ஆஃபர் அனுப்புறதுக்கு சம்மதம் தனியா கேளுங்க, ஆர்டர் போட்டாங்கங்கிறதுக்காக அனுப்பக் கூடாது.

செம்பவாங்_செல்வி:

அண்ணே, நோட்பேட்ல தொறந்தேன், அங்கயே கேள்விக்குறிதான்! எக்செல் மூல ஃபைல்ல தமிழ் பத்திரமா இருக்கு. கூகுள் ஷீட்ஸ் வழியா எடுத்து பத்து வரிசை ஏத்தினேன், குத்துவிளக்கு, காமாட்சி விளக்கு, தூபக்கால் எல்லாம் அழகா வந்துருச்சு, ப்ராடக்ட்_டு_ஸ்டோர்ல வரிசை போட்டதும் கடையிலயும் தெரியுது. மாமாகிட்ட போன்ல காட்டினேன், அவரு தமிழ்லயே இருக்கேன்னு திரும்பத் திரும்பப் பாத்தாரு. எஸ்எம்டிபி மாத்தினதும் மெயிலும் வருது.

பார்வதி அக்கா, எடைய மாமா தராசுல வச்சு ஒவ்வொண்ணா சொல்ல ஆரம்பிச்சுட்டாரு, நான் ஷீட்ல ஏத்திக்கிட்டு இருக்கேன். ரெண்டு கேள்வி மட்டும். பேரு தமிழ்ல இருந்தா இங்க பொறந்து வளந்த பிள்ளைங்க தேடும்போது கிடைக்குமா? என் தங்கச்சி மகனே இங்கிலீஷ் எழுத்துலதான் டைப் பண்றான். அப்புறம் லிங்க வாட்ஸ்அப்ல அனுப்பினா நீளமா சதவீதக் குறியா வருது, பாக்கவே பயமா இருக்கு.

ஜூரோங்_அண்ணன்:

ரொம்ப சந்தோஷம் தங்கச்சி. தேடுறதுக்கு: ஓப்பன்கார்ட் தேடல் சாமான் பேரோட சேர்த்து டேகையும் பாக்கும். பேரு தமிழ்லயே இருக்கட்டும், டேக்ல இங்கிலீஷ் எழுத்துல ரெண்டு மூணு விதமா எழுதி வைங்க, குத்துவிளக்க ஒருத்தர் ஒரு டி போட்டு எழுதுவாரு, இன்னொருத்தர் டிஎச் ரெண்டு போடுவாரு, எல்லாத்தையும் கமா போட்டு சேர்த்துடுங்க, இங்கிலீஷ் அர்த்தமும் ஒண்ணு.

லிங்க் நீளமா வர்றது எஸ்இஓ கீவேர்டுல (லிங்க்ல சாமானுக்கு வர்ற பேரு) தமிழ்ப் பேர போட்டதால. ஒரு தமிழ்க் குறியீடு லிங்க்ல ஒன்பது எழுத்தாயிடும், குத்துவிளக்குங்கிற ஒரு சொல்லே ரெண்டு வரி போகும். கீவேர்ட மட்டும் இங்கிலீஷ் எழுத்துல சின்னதா குடுங்க, கூடவே எச்டிஆக்ஸஸ் டாட் டிஎக்ஸ்டி-ன்னு முடியுற ஃபைலோட கடைசி டாட் டிஎக்ஸ்டி-ய எடுத்துட்டு டாட் எச்டிஆக்ஸஸ்னு பேர மாத்துங்க, அப்பதான் எஸ்இஓ லிங்க் வேலை செய்யும்.

தெம்பனிஸ்_தம்பி:

அண்ணன் சொன்ன கேள்விக்குறி விஷயம் எனக்குப் புதுசு, நல்லா மனசுல பதிஞ்சுது, நன்றி அண்ணே. அக்கா, இன்வாய்ஸ் பிடிஎஃப் எக்ஸ்டென்ஷன் போடுறதா இருந்தா வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தமிழ்ப் பேர போட்டு டெமோ கேளுங்க. பல பிடிஎஃப் எக்ஸ்டென்ஷன் உள்ள டாம்பிடிஎஃப்னு ஒண்ணத்தான் வச்சிருப்பாங்க, அதுக்கு தமிழ் ஃபான்ட் குடுத்தாலும் எழுத்த சேர்க்கத் தெரியாது, கொ, செ மாதிரி எழுத்துல ஒற்றைக் கொம்பு முன்னாடி வராம பின்னாடி போயி நிக்கும், படிக்கவே முடியாது. எம்பிடிஎஃப்ல சரியா வரும். அதெல்லாம் வேணாம்னா ஓப்பன்கார்ட்டோட இன்வாய்ஸ் பக்கமே சாதாரண வெப் பக்கம்தான், பிரவுசர்ல பிரிண்ட் குடுத்து பிடிஎஃப்பா சேவ் பண்ணா பிரவுசரே எழுத்த சரியா சேர்த்துக் குடுத்துடும்.